எழுதிவைத்த சண்டையில் சிறந்தது எது? 2024-க்கு என் தேர்வுகள்

ஐயா, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. ஒன்பதாவது படிக்கும் உங்கள் மகன் 2024-இன் சிறந்த ரெஸ்லிங் என்று நோட்டில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறான். சிறந்த மேட்ச், கோடி ரோட்ஸ் – ரோமன் ரெய்ன்ஸ். அடுத்தது சி.எம். பங்க் – ட்ரூ மெக்கின்டயர் கூண்டுச் சண்டை. சிறந்த வீரர் கோடி. அதைப் பார்த்துவிட்டு, “யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சிட்டு ஆடுறதுல சிறந்தது என்னடா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாளாக அவன் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குடியாத்தத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது மேலுக்கு ஒரு பட்டியலைப் பற்றிய கேள்விதான். ஆனால், பிள்ளை ஒரு பொய்யின் மேல் இவ்வளவு ஆசை வைத்துவிட்டானோ, அதில் நல்லது கெட்டது பிரித்துப் பார்க்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கிறது. இருக்கிறது ஐயா. நிறையவே இருக்கிறது.

நான் ஆற்காடு பக்கம். பகலில் மோட்டார் காயில் கட்டும் கடை. பங்குனி பிறந்தால் ஆடி முடியும் வரை ராத்திரியில் தெருக்கூத்து. எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், 19 வருடமாகத் துரியோதனன் வேஷம் கட்டுகிறேன். விடிய விடிய ராஜாவாக ஆடிவிட்டு, விடிந்ததும் பீமனிடம் தொடையில் அடி வாங்கிச் சாவது என் வேலை. ரெஸ்லிங் அதற்கும் முன்னாலிருந்து பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டென் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்தது. எங்கள் தெருவில் கேபிள் இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பையன்கள் உட்கார்ந்திருப்போம். உயரம், எடை, மார்பளவு எல்லாம் அச்சடித்த சீட்டுக்கட்டு ஒன்று பையிலேயே இருக்கும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், செத்துச் செத்துப் பிழைத்தவர் என்று சத்தியம் செய்தவர்களில் நானும் ஒருவன். அதனால் உங்கள் மகன் பக்கமும் தெரியும், உள்ளே நின்று ஆடுகிறவன் பக்கமும் தெரியும். ரெஸ்லிங் ரிங்கில் நான் கால் வைத்ததில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே நடப்பதை எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துத்தான் அளக்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் வைக்கிறேன். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பதில் சந்தேகமே வேண்டாம். இது யாரும் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. 1989-லேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில், விளையாட்டுப் போட்டிகளுக்கான அரசு விதிகளும் கட்டணங்களும் தங்களுக்கு வரக்கூடாது என்பதற்காக, இது பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான் என்று இதை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.இ. கம்பெனியே (அப்போது பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) ஒத்துக்கொண்டது. அதே அளவு உறுதியான இன்னொன்று, விழுவது நிஜம். ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, பலகை மேல் மெல்லிய ஃபோம், அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மெத்தை கிடையாது. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி, இரண்டு கைகளையும் பலகையில் அறைந்து விழவேண்டும். இதைத்தான் ‘பம்ப்’ என்கிறார்கள். ஒரு நொடி பிசகினால் கழுத்து போகும். 1997-இல் சம்மர்ஸ்லாம் என்ற பெரிய நிகழ்ச்சியில் ஸ்டீவ் ஆஸ்டின் என்ற வீரரின் கழுத்து அப்படித்தான் அடிபட்டது. 2022 மார்ச்சில் பிக் ஈ என்ற வீரர் ரிங்குக்கு வெளியே தலைகீழாக விழுந்து கழுத்து எலும்பு முறிந்தது. அதே வருடம் ஜூனில் உங்கள் மகனுடைய கோடி ரோட்ஸ், மார்புத் தசை கிழிந்து நெஞ்சின் ஒரு பக்கமே கன்றிக் கத்தரிப்பூ நிறமாகிப் போன நிலையில் கூண்டுக்குள் முழு ஆட்டமும் ஆடினார். அந்த நிறம் எந்த மேக்கப்காரரும் போட்டதில்லை. எழுதியது முடிவைத்தான். வலியை யாரும் எழுதவில்லை.

சத்தம் எப்படி வருகிறது என்று கவனித்தால் எனக்கு எங்கள் கூத்துக் களரிதான் ஞாபகத்துக்கு வரும். கதாயுதம் என் மேல் படுகிற அதே நொடியில் நான் சலங்கைக் காலை ஓங்கி மிதிப்பேன், மத்தளக்காரர் ஒரு போடு போடுவார். பார்க்கிறவர் காதுக்கு எலும்பு நொறுங்கினது போல இருக்கும். ரெஸ்லிங்கில் குத்தும்போது காலால் பலகையை மிதிக்கிறார்கள், சூப்பர்கிக் விடும்போது தன் தொடையையே கையால் அறைந்துகொள்கிறார்கள். எங்களுக்கு இரண்டு பேர் பிடிக்கும் திரை, அதன் பின்னால் நின்று பாடி, சலங்கையை மட்டும் கேட்கவைத்து, பிறகுதான் முகம் காட்டுவோம். அவர்களுக்கு விளக்கை அணைத்து மணி அடித்தால் அண்டர்டேக்கர். எங்களுக்குக் கட்டியக்காரன், ரோமன் ரெய்ன்ஸுக்குப் பால் ஹேமன். ராஜாவுக்கு முன்னால் வந்து அவர் பெருமையைப் பேசி, சபைக்கும் ராஜாவுக்கும் நடுவே நிற்கிற அந்த வேலையை ஹேமன் அளவுக்குச் செய்கிறவர் எங்கள் பக்கத்திலேயே சிலர்தான் உண்டு.

இதில் அடிக்கிறவனை விட அடி வாங்குகிறவனுக்குத்தான் பொறுப்பு அதிகம். ஏழு வருடத்துக்கு முன்னால் அணைக்கட்டு பக்கம் ஒரு ஊரில் பீமன் கதாயுதத்தை ஓங்கிவிட்டார். நான் அரைத் தாளம் தாமதமாகத் திரும்பினேன். தோளில் கட்டியிருந்த புஜகீர்த்தி உடைந்து காறை எலும்பு விட்டுப்போனது. தவறு என்னுடையது, அவர் சரியான இடத்தில்தான் இறக்கினார். அன்றைக்கு அவர் முகம் வெளுத்துப்போனதை நான் ஒருவன்தான் பார்த்தேன். நான் கண்ணால் ஜாடை காட்டியபிறகுதான் அடுத்த அடி விழுந்தது. அப்படி இரண்டு பேரும் ஒருவர் உயிரை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு பகையாளிகளாக நிற்கிறார்கள். அடியை வாங்கி, அது வலித்ததாக ஊருக்குக் காட்டுவதை ரெஸ்லிங்கில் ‘செல்லிங்’ என்பார்கள். இது சரியாக அமையாவிட்டால் எதிராளி மலையையே தூக்கிப் போட்டாலும் காற்றைத் தூக்கிப் போட்டது போலத்தான் இருக்கும்.

பதினெட்டாம் போர் முடிந்து காலையில் நடக்கும் படுகளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், குடியாத்தம் பக்கம் இல்லாத பாரதமா. மண்ணால் பிடித்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் துரத்த, நான் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவேன். முடிவு என்ன என்று ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வெயிலில் நிற்பார்கள். தொடையில் அடி விழுந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்தபிறகு பாருங்கள், ராத்திரி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருந்த பெண்கள் அந்த மண்ணுடம்புக்கு ஒப்பாரி வைப்பார்கள். ஒப்பாரி எழாத வருடம் நான் சரியாக ஆடவில்லை என்று அர்த்தம். எழுதிவைத்த சண்டைக்கு என் அளவுகோல் இதுதான்: தோற்றவன் எப்படித் தோற்றான்? ஜெயிப்பு எழுதிக் கொடுத்தது. தோற்பதை ஒருவன் தன் உடம்பால் உண்டாக்கவேண்டியிருக்கிறது.

இந்த அளவுகோலில் 2024-இன் சிறந்த மேட்ச், டபிள்யூ.டபிள்யூ.இ.யின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 40-இன் முதல் இரவில் நடந்த சாமி ஸெய்ன் – குந்தர். ஃபிலடெல்ஃபியாவில் ஏப்ரல் 6 சனி மாலை, நமக்கு ஞாயிறு விடிகாலை நாலரைக்குத் தொடக்கம். அன்றைக்கு எங்களுக்குப் படுகளம். கூத்து முடிந்து, முகத்தில் அரிதாரம் கலைக்காமல், கிரீடத்தை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோயில் பின்னால் திண்ணையில் என் அக்கா மகனின் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். குந்தர் ஆஸ்திரியாக்காரர். இன்டர்காண்டினென்டல் பெல்ட்டை, அதாவது அந்தப் பெயருள்ள சாம்பியன் பட்டத்தை, 666 நாளாக வைத்திருந்தார், அந்தப் பெல்ட்டின் வரலாற்றிலேயே அதுதான் நீண்ட காலம். துள்ளல் கிடையாது, பளபளப்பு கிடையாது. நிமிர்ந்து நிற்பார், எதிராளி மார்பில் உள்ளங்கையால் அறைவார். அந்த அறையில் செய்த வேலை எதுவும் இல்லை, தோல் சிவந்து தடிப்பது கேமராவுக்கே தெரியும். சாமியின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் பாதி தாண்டியபிறகு குந்தர், விழுந்து கிடந்த சாமியைச் சீக்கிரம் முடித்துவிடாமல், அந்த அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடித்தார். அங்கேதான் அவர் தோற்றார். எங்கள் கதையில் சபையில் ஒருத்தியை அவமானப்படுத்தியவன் எதற்காகச் சாகிறானோ, அதே காரணம். நடுவர் மூன்று எண்ணித் தோல்வியை உறுதியாக்கும்வரை தரையில் கிடந்த குந்தரின் முகத்தில் கோபமில்லை. இது நடக்கும் என்று தன் கணக்கிலேயே இல்லாத ஒருவனின் திகைப்பு மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்த எங்கள் பீமன் ஒரு வார்த்தை பேசவில்லை, என் தோளைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் நான் களத்தில் விழுந்தேன்.

உங்கள் மகனின் முதலிடம், மறுநாள் இரவு நடந்த கோடி – ரோமன். அதை நான் மேட்ச் என்ற கணக்கில் முதலில் வைக்கமாட்டேன். நடுவே உள்ளே வந்தவர்கள் அதிகம். ஜிம்மி ஊஸோ, ஜே ஊஸோ, சோலோ சிகோவா, ஜான் சீனா, தி ராக், அண்டர்டேக்கர் என்று வந்து வந்து போனதில் ரிங்குக்குள் இருந்த இரண்டு பேரின் ஆட்டம் அறுபட்டது. ஆனால் அந்த வருடத்தின் சிறந்த நொடி எது என்று கேட்டால் தயங்காமல் இதிலிருந்துதான் எடுப்பேன். ரோமன் 1,316 நாள் சாம்பியன். கையில் நாற்காலி இருக்கிறது, கோடி எதிரே விழுந்து கிடக்கிறார், அடித்தால் பெல்ட் மிஞ்சும். இந்தப் பக்கம் சேத் ரோலின்ஸ், ரோமனும் அவரும் முன்பு சேர்ந்திருந்த ஷீல்டு கூட்டணியின் கறுப்பு உடுப்பில் மண்டியிட்டிருக்கிறார். 2014 ஜூனில் இதே ரோலின்ஸ்தான் ரோமனின் முதுகில் நாற்காலியால் அடித்துக் கூட்டணியை உடைத்தவர். ரோமன் அவரைப் பார்க்கிறார், கோடியைப் பார்க்கிறார், மறுபடியும் அவரைப் பார்க்கிறார். பத்து வருடத்துப் பழியைத் தீர்த்துக்கொள்ள ரோலின்ஸை அடிக்கிறார். அந்த இடைவெளியில் கோடி எழுந்துவிட்டார், ராஜ்ஜியம் போய்விட்டது. பலம் குறைந்து தோற்கவில்லை, மறக்கமுடியாமல் தோற்றார். மகாபாரதம் படித்தவன் யாரும் இதைப் பொய் என்று சொல்லமாட்டான்.

கோடி ஜெயித்ததில் இன்னொரு கதையும் இருக்கிறது, உங்கள் மகன் ஏன் அவரை உச்சியில் வைத்தான் என்பதற்கு அது விடை. அவருடைய அப்பா டஸ்டி ரோட்ஸ் பெரிய வீரர். ஆனால் அந்தக் கம்பெனியின் உலக பெல்ட் அவர் இடுப்புக்கு வரவே இல்லை. 2015-இல் காலமாகிவிட்டார். மகன் 2016-இல் கம்பெனியை விட்டு வெளியேறி, ஏ.இ.டபிள்யூ. என்ற போட்டிக் கம்பெனி உருவாகக் காரணமானவர்களில் ஒருவராகி, 2022-இல் திரும்பி வந்து, 2023 ரெஸில்மேனியாவில் ரோமனிடம் தோற்று, 2024-இல்தான் ஜெயித்தார். அதற்கிடையில் பிப்ரவரியில் ஒரு குழப்பம். ரோமனோடு மோதும் தன் இடத்தைக் கோடி விட்டுக்கொடுத்து, தி ராக் உள்ளே வருவது போலக் காட்டினார்கள். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் லாஸ் வேகாஸ் மேடையில் கோடி மறுபடி தன் இடத்தைக் கேட்டு வாங்கினார். இங்கே உறுதியும் ஐயமும் பிரிகிறது. ரசிகர் கூச்சல் போட்டதும், கதை கோடி பக்கம் திரும்பியதும் கண்ணால் கண்டது. கூச்சலால்தான் திரும்பியதா, அல்லது முதலிலேயே அப்படித்தான் வைத்திருந்தார்களா என்பது இன்றுவரை தீராத வழக்கு. கூச்சலால்தான் என்பது என் எண்ணம். ஊரார் எழுந்து நின்றால் பாட்டை நீட்டுகிற வாத்தியாரை நான் தினமும் பார்க்கிறேன், அதனால் எனக்கு அப்படித் தோன்றுகிறது. அதற்கு மேல் அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

சிறந்த வீரர் என்ற இடத்தில் உங்கள் மகனோடு எனக்குச் சண்டையே உண்டு. 2024 ட்ரூ மெக்கின்டயரின் வருடம். ஸ்காட்லாந்துக்காரர், ஆறடி ஐந்தங்குலம். ஜனவரியில் ராயல் ரம்பிள் என்ற நிகழ்ச்சியில் அவரோடு ஆடும்போது சி.எம். பங்கின் கைத்தசை நிஜமாகவே கிழிந்தது. பங்க் வீட்டில் கிடக்க, இதற்காகத்தான் வேண்டிக்கொண்டேன் என்கிற தோரணையில் மெக்கின்டயர் மைக்கில் பேசினார். நிஜக் காயத்தைப் பகையாக மாற்றிய இடம் அது. ரெஸில்மேனியாவில் ரோலின்ஸை ஜெயித்து உலக பெல்ட் வாங்கினார். வாங்கிய கையோடு, வர்ணனை மேசையில் உட்கார்ந்திருந்த பங்கிடம் போய்ச் சீண்டினார். பங்க் அடித்து வீழ்த்த, டேமியன் பிரீஸ்ட் என்ற இன்னொரு வீரர் ஓடிவந்து பெல்ட்டைப் பறித்தார். ஆறு நிமிடம் கூட நிலைக்கவில்லை அந்தப் பட்டம். ஜூனில் சொந்த நாட்டில், கிளாஸ்கோவில், சொந்த ஜனம் பார்க்க ஜெயிக்கப் போகும்போது பங்க் நடுவர் சட்டையில் வந்து எண்ணிக்கையை இரண்டில் நிறுத்தினார். பிறகு பங்கின் மனைவி பெயரும் நாயின் பெயரும் கோத்த சாதாரண மணிக்கயிறு ஒன்றை மெக்கின்டயர் பறித்துக்கொண்டு கையில் மாட்டித் திரிந்தார். வருடத்தின் மிகப்பெரிய பகை, குழந்தைகள் கட்டிக்கொள்ளும் மணிக்கயிற்றுக்காக! சம்மர்ஸ்லாமில் மெக்கின்டயர் ஜெயித்தார், பெர்லினில் பங்க், அக்டோபர் 5 அட்லாண்டா கூண்டில் மறுபடி பங்க். அந்தக் கூண்டில் மெக்கின்டயரின் தலை பிளந்து முகம் முழுக்க ரத்தம், அப்படியே நின்று ஆடினார்.

கணக்குப் போட்டால் அந்த வருடம் முக்கியமான இடங்கள் பலவற்றில் அவர் தோற்றவர். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் அவர் வாய், அவர் அகந்தை, மறக்கத் தெரியாத அவர் மனம். நியாயம் தன் பக்கம் என்று கடைசிவரை நம்பினார், நம்மையும் பாதி நம்பவைத்தார். துரியோதனன் வேஷத்துக்கு எங்கள் வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், நீ கெட்டவன் என்று நீ நினைத்து ஆடக்கூடாது என்பது. மெக்கின்டயர் அதை வருடம் முழுக்க ஆடிக் காட்டினார். உங்கள் மகன் அந்தக் கூண்டுச் சண்டையை இரண்டாவதாக வைத்திருக்கிறான், நல்ல கண். ஆனால் அதை ஆட்டமாக்கியது யார் என்று ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள்.

வெறும் ரிங் வித்தை என்று பார்த்தால் ஏ.இ.டபிள்யூ.வில் ஏப்ரல் 21 அன்று செயின்ட் லூயிஸில் பிரையன் டேனியல்சன் – வில் ஆஸ்ப்ரே ஆடியதற்கு மேல் அந்த வருடம் நான் எதுவும் பார்க்கவில்லை. ஆஸ்ப்ரே காற்றில் நீந்துகிறவர், டேனியல்சன் மூட்டு மூட்டாகப் பிரித்து எடுக்கிறவர். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடியும் ஒரு பிடி வீணில்லை. ஆனாலும் அதை நான் முதலில் வைக்காததற்குக் காரணம் சொல்லவேண்டும். டேனியல்சன் தலையில் பட்ட அடிகளால் 2016-இல் ஒருமுறை ஓய்வு பெற்று, மருத்துவர்கள் அனுமதித்து 2018-இல் திரும்பியவர். அந்த ஆட்டத்தின் முடிவில் இரண்டு கையும் கட்டுண்ட நிலையில் கழுத்தும் தலையும் தரையில் மோதும்படி ஒரு தூக்கு. எனக்கு ஆட்டம் மறந்து ஆள் ஞாபகம் வந்துவிட்டது. சிலர் அதைத்தான் உச்சம் என்பார்கள். நான் வேஷம் கட்டுகிறவன், எனக்கு அங்கே தாளம் விட்டுப்போனது. இது என் மனத்தின் குறை என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். அதே டேனியல்சன் ஆகஸ்ட் 25 அன்று லண்டன் வெம்ப்ளியில், தோற்றால் அன்றோடு ஓய்வு என்ற பந்தயத்தில், மகள் பக்கத்திலிருந்து பார்க்க, ஸ்வெர்வ் ஸ்ட்ரிக்லேண்டை ஜெயித்து உலக பெல்ட் எடுத்தார். அக்டோபர் 12-இல் சொந்த மாகாணமான வாஷிங்டனில் ஜான் மாக்ஸ்லியிடம் அதை இழந்து முழுநேர ஆட்டத்தை முடித்துக்கொண்டார். ஏழு வாரத்தில் ஏற்றமும் இறக்கமும். ஸ்ட்ரிக்லேண்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெம்ப்ளியில் அத்தனை ஆயிரம் பேர் டேனியல்சனுக்காக அழ முடிந்ததற்கு, எதிரே ஸ்ட்ரிக்லேண்ட் அவ்வளவு கொடூரமாக நின்றதும் ஒரு காரணம்.

என் அளவுகோலுக்கே அடங்காத ஒன்றும் அந்த வருடம் உண்டு. மார்ச் 3, கிரீன்ஸ்போரோ, ஸ்டிங்கின் கடைசி ஆட்டம். 64 வயது. முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசி ஆடுகிறவர் என்பதாலேயே சிறுவயதிலிருந்து எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். 1988-இல் இதே கிரீன்ஸ்போரோவில் ரிக் ஃப்ளேரோடு 45 நிமிடம் ஆடிச் சமன் செய்துதான் பெரிய வீரர் என்ற பேரே எடுத்தார். விடைபெறுகிறவர் தோற்று, இளையவரை உயர்த்திவிட்டுப் போவதுதான் அந்தத் தொழிலின் மரபு. ஸ்டிங் ஜெயித்து விடைபெற்றார். ஜோடியாக ஆடிய டார்பி ஆலின் ஏணி மேலிருந்து கண்ணாடிப் பலகை மேல் விழுந்து முதுகெல்லாம் கிழிபட்டார். ஸ்டிங்கின் இரண்டு மகன்களும் அப்பாவின் பழைய வேஷங்களைப் பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். தகப்பன் பூசிய சாயத்தைப் பிள்ளை பூசுவது என்றால் என்ன என்று எங்கள் ஊர்க் கூத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் இதில் நடுநிலையாகப் பேச எனக்கு வராது.

பெண்கள் ஆட்டத்தில் என் தேர்வு டோனி ஸ்டார்ம் – மரையா மே. ரசிகையாக வந்து ஒட்டிக்கொண்டு, நடை உடை பாவனை எல்லாம் கற்றுக்கொண்டு, ஜூலையில் காட்டிக்கொடுத்து ஆகஸ்டில் ஸ்டார்மின் பெல்ட்டையும் பறித்தாள் சிஷ்யை மே. ஜப்பானில் ஸாக் சேபர் ஜூனியர் ஜி1 என்ற தொடர் போட்டியை வென்றதைப் பார்த்தேன், பிடித்தது. ஆனால் ஜப்பான், மெக்சிகோ ஆட்டங்களில் நான் பார்த்தது கைவிரல் எண்ணிக்கைதான். ஆகவே என் பட்டியல் அமெரிக்கத் திரையில் வந்ததற்கு மட்டும். உலகம் முழுவதற்கும் தீர்ப்பு சொல்ல எனக்கு அருகதை இல்லை.

மகன் விஷயம். பார்க்க விடுங்கள், ஆடிப் பார்க்க மட்டும் விடாதீர்கள். வீட்டு மெத்தை மேல் தம்பியைத் தூக்கிப் போடுவது பாதுகாப்பு என்று பையன்கள் நினைப்பார்கள். விழுகிறவனுக்கு விழத் தெரியவேண்டும், அதற்கு அவர்கள் வருடக்கணக்கில் பழகுகிறார்கள். அவனிடம் மறுபடி பேச்சு தொடங்க ஒரு வழி உண்டு. சாமி – குந்தர் ஆட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள், கால் மணி நேரம்தான் இருக்கும். சாமியை விட்டுவிட்டுக் குந்தரை மட்டும் பாருங்கள். முதலில் எப்படி நிற்கிறார், எப்போது முதன்முதலாக ரோப்பைப் பிடிக்கிறார், எந்த நொடியில் கண்ணில் சந்தேகம் வருகிறது என்று அவனிடமே கேளுங்கள். நீங்கள் பார்க்காத இரண்டு மூன்றை அவன் காட்டுவான்.

வரும் பங்குனியில் எங்கள் பக்கம் படுகளம் நடக்கும்போது அவனைக் கூட்டி வாருங்கள். காலை எட்டு மணிக்குள் வந்தால் அரிதாரம் கலையாமல் இருப்பேன். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், மெக்கின்டயருக்கு ஏன் இடம் கொடுக்கவில்லை என்று எனக்கு அவனிடம் நேரில் கேட்கவேண்டும்.